இல்லாத கட்டுரைக்குப் பக்க எண் எப்படி வருகிறது?

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு பற்றித் திருப்பூர் மாணவர் ஒருவர் ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கட்டுரைகள் கேட்கிறார். ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாக வருகின்றன. தேடினால், சிலவேளை அப்படியொரு கட்டுரையே இருக்காது. ஏன்?

இணையத் தேடல் இணைக்கப்படாதபோது, இந்த மென்பொருள் எதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. அடுத்து வர வாய்ப்புள்ள சொல்துண்டைக் கணித்துக் கணித்துக் கோக்கிறது. மேற்கோளின் வடிவம் லட்சக்கணக்கான கட்டுரைகளில் ஒன்றுபோல் இருப்பதால் அது ஆழமாகப் பதிகிறது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை நீரின் உப்பை அளந்த கட்டுரையோ ஓரிரு இடங்களில்தான் கண்ணில் பட்டிருக்கும்; அதன் விவரம் பதிவதில்லை. லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டி வரும், உள்ளே பனியன் இருக்காது.

எழுத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. ஆனால் ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் பழைய எழுத்தோடுதான் ஒப்பிடும். புதிதாகப் புனைந்த மேற்கோள் அதில் எளிதில் தப்பிவிடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, இதே மென்பொருள் செய்யும் நடைதிருத்தம். ‘உப்பு கூடியதற்கும் விளைச்சல் குறைந்ததற்கும் தொடர்பு இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தால், ‘உப்பால் விளைச்சல் குறைந்தது’ என்று திரும்பி வரக்கூடும். வாக்கியம் அழகாகியிருக்கும், முடிவு மாறியிருக்கும். நெறியாளரும் கவனிக்காமல் கையெழுத்திடலாம்.

மேற்கோளைச் சோதிப்பது எளிது. கட்டுரையின் டிஓஐ எண்ணை இணையத்தில் இட்டுத் திறக்க வேண்டும்; இந்திய ஆய்வேடு என்றால் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தேடலாம். ஆனால் திருத்திய வரிகளை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டே ஆகவேண்டும்.