உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பப்பையைக் கொடுத்து உயிரைக் காக்கும் அறுவை

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்ததும் அது இறுகிச் சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். சுருங்காமல் தளர்ந்தாலோ, கிழிந்தாலோ, நஞ்சுக்கொடி தசைக்குள் வேரோடிப் பிரிய மறுத்தாலோ தாயின் உயிர் நிமிடக் கணக்கில் ஊசலாடும். மருந்து, பலூன், தையல் எதற்கும் அடங்காதபோது கர்ப்பப்பையை அகற்றுவதே கடைசி வழி.

1876-ல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்ற மருத்துவர் சிசேரியனோடு கர்ப்பப்பையையும் நீக்கித் தாயையும் சேயையும் காப்பாற்றினார். சிசேரியன் செய்யப்பட்ட தாய் பிழைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

இன்றும் இது எளிய அறுவை அல்ல. ஒட்டியே இருக்கும் சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் காயப்படலாம். பழைய சிசேரியன் தழும்பு இருந்தால் அந்த ஆபத்து கூடும். ரத்தம் உறையும் தன்மையே குலைந்து, பல யூனிட் ரத்தம் ஏற்ற நேரிடும். தொற்று, மறு அறுவை, ஐசியூ வாசமும் உண்டு.

சினைப்பைகளைப் பொதுவாக விட்டுவைப்பதால், மாதவிடாய் நின்றாலும் ஹார்மோன் சுரப்பு தொடரும். ‘பெண்மையே போயிற்று’ என்று கர்ப்பப்பையை இழந்த பெண்ணிடம் பேசுவது அறியாமை, கொடுமையும்கூட. இனிக் கருத்தரிக்க முடியாது என்ற துக்கமே அவளுக்குப் பெரும் பாரம். மனநல ஆலோசனையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இந்த அறுவைக்குக் காரணமாகும் நஞ்சுக்கொடி ஒட்டல் யாருக்கு நேரலாம்? நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தால், மூன்றாவது சிசேரியனில் அது கர்ப்பப்பைத் தசையோடு ஒட்டியிருக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் என்றது 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. முன்பு சிசேரியன் ஆனவரா நீங்கள்? ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். ரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.