வெள்ளச் சொற்களும் வெள்ள வரலாறும்: கோசி ஆற்றுப் பகுதியை முன்வைத்து

வெள்ளம் பற்றிய அறிக்கைகளையும் நூல்களையும் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைச்சொற்கள் கிடைக்காமை அன்று. கிடைக்கும் சொற்கள் மூலத்தின் நிலவியலோடு பொருந்தாமையே இடர்ப்பாடு. இங்கு ஒரு சொல் பிறழுமாயின் நடை மட்டும் கெடுவதில்லை. நீர் எங்கிருந்து வந்தது, யார்மீது பாய்ந்தது, அதற்குப் பொறுப்பு யாது என்னும் செய்திகளும் உடன் பிறழ்ந்துவிடும். வட பீகாரில் கோசி பாயும் சுபௌல், சஹர்சா, மதேபுரா ஆகிய வேளாண் மாவட்டங்களின் வெள்ள வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. அங்கு மக்கள் பேச்சில் வழங்குவது மைதிலி, அலுவலகத்தில் இந்தி, பொறியாளர் எழுதுவது ஆங்கிலம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைக்கும் பனுவல் பெரும்பாலும் இம்மூன்றும் கலந்ததாகவே இருக்கும்.

ஆறும் கரையும்

கோசி இமயத்திலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்து சமவெளியில் இறங்கும் ஆறு. இறங்கிய இடத்தில் வண்டலைக் கொட்டித் தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு வேறு வழி தேடுவது அதன் இயல்பு. சென்ற இரண்டரை நூற்றாண்டுகளில் அது நூறு கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கு நோக்கி நகர்ந்துள்ளது. அது கைவிட்டுச் சென்ற பழைய ஓடைகளைத் 'தார்' என்றும், நீர் தேங்கும் தாழ்நிலத்தைச் 'சௌர்' என்றும், ஆறு ஒதுக்கிய வண்டல் நிலத்தைத் 'தியாரா' என்றும் அப்பகுதியினர் வழங்குவர். இச்சொற்கள் வெறும் நிலப்பெயர்கள் அல்ல. ஆறு முன்பு எங்கே ஓடியது, மீண்டும் எங்கே ஓடக்கூடும் என்பதை உணர்த்தும் குறிப்புகள் எனலாம். 'தார்' என்பதை 'ஓடை' என்று மட்டும் பெயர்த்தால் இக்குறிப்பு மறையும். 'பழைய ஆற்றுவழி' என்பதே தகும்.

1954இல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1955இல் ஆற்றின் இருமருங்கும் கரை எழுப்பும் பணி தொடங்கிற்று. 1963இல் எல்லைப்புறத்தில் கதவணை செயற்படத் தொடங்கியது. கரைகள் நொடிக்கு 9.5 இலட்சம் கன அடி நீரைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டன. ஆயினும் 1963இல் தல்வா, 1968இல் ஜமால்பூர், 1971இல் பட்டனியா, 1980இல் பஹுவர்வா, 1984இல் நௌஹட்டா, 1991இல் ஜோகினியா, 2008இல் குசஹா என உடைப்புகள் தொடர்ந்தன. பீகார் முழுவதையும் நோக்கின், 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 160 கிலோமீட்டராக இருந்த ஆற்றுக்கரைகளின் நீளம் பின்னர் மூவாயிரம் கிலோமீட்டரைக் கடந்தது. வெள்ளத்திற்கு ஆட்படும் பரப்போ 25 இலட்சம் ஹெக்டேரிலிருந்து 68.8 இலட்சம் ஹெக்டேராக உயர்ந்ததாக 1994இல் மதிப்பிடப்பட்டது. கரை நீண்டபோது வெள்ளப் பரப்பும் விரிந்தது என்னும் இச்செய்தி, 'வெள்ளக் கட்டுப்பாடு' என்ற தொடரை ஐயத்தோடு நோக்கச் செய்கிறது.

அணையா, கரையா?

பிழை மிகுதியாக நேர்வது 'பாந்த்' என்னும் சொல்லில். இந்தியில் அது ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணையையும் குறிக்கும். ஆற்றின் நெடுகப் போடப்படும் கரையையும் குறிக்கும். கரையை மட்டும் தனித்துச் சுட்டத் 'தட்பந்த்' என்ற சொல் உண்டெனினும் பேச்சில் 'பாந்த்' என்பதே பெருவழக்கு. 'பாந்த் டூட் கயா' என்பதை 'அணை உடைந்தது' என்று பெயர்த்தால் தமிழர் கண்முன் மேட்டூரைப் போன்றதொரு நீர்த்தேக்கம் தோன்றும். 2008 ஆகஸ்டு 18ஆம் நாள் குசஹாவில் உடைந்தது அணை அன்று. கதவணைக்கு மேலே, நேபாளப் பகுதியில், கிழக்குக் கரை உடைந்தது; கதவணை உடையாது நின்றது. ஆறு தான் நெடுங்காலத்திற்கு முன் கைவிட்ட பழைய வழிகளில் இறங்கி, வெள்ளத்தினின்று காக்கப்பட்டதாகக் கருதப்பட்ட மதேபுரா முதலிய இடங்களை மூழ்கடித்தது. துன்புற்றோர் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவ்வேளை ஆற்றில் வந்த நீர், கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது நோக்கத்தக்கது. 'அணை' என்று எழுதினால் அளவிறந்த நீரே காரணம் என்ற எண்ணம் எழும். 'கரை' என்று எழுதினால் கரையைப் பேணாதது பற்றிய வினா எழும்.

'உடைதல்' என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தன்வினையடியாகப் பிறப்பது 'உடைவு', பிறவினையடியாகப் பிறப்பது 'உடைப்பு'. 'அழிவு', 'அழிப்பு' என்பன போல. ஆனால் கரையைப் பொறுத்தவரை வழக்கு இவ்விலக்கணத்தை மீறி, தானே உடைந்ததையும் 'உடைப்பு' என்றே கூறும். 'ஆறு உடைப்பெடுத்தது' என்னும்போது ஆறே வினைமுதலாகிவிடுகிறது. கோசியிலோ கரை தானே உடைவதும் உண்டு, தேங்கிய நீரை வடிப்பதற்காக மக்கள் வெட்டிவிடுவதும் உண்டு. ஆகவே வெட்டியதைக் 'கரை வெட்டு' என்றும், மற்றதைக் 'கரை உடைந்தது' என்று வினையாகவும் எழுதுதல் நலம். 'உடைப்பெடுத்தது' என்பது நம் மரபுத்தொடரே. ஆயினும் பொறுப்பை ஆராயும் பனுவலில் அதனைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து.

உள்ளும் புறமும்

கோசிக் கரைகள் பல கிலோமீட்டர் இடைவெளி விட்டு அமைந்தவை. அவ்விடைவெளியில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகப்பட்டன. இவ்வூர்களை இந்தியில் 'தட்பந்தின் உள்ளே' இருப்பன என்பர். இதனைக் 'கரைக்கு உள்ளே' என்று அப்படியே பெயர்த்தால், கரையால் காக்கப்பட்ட ஊர்கள் என்று வாசகர் கொள்ளக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறு. கரைக்கு உள்ளே இருப்போரே ஆண்டுதோறும் நீரில் நிற்போர். வண்டல் படிந்து ஆற்றின் தளம் உயர்ந்துகொண்டே போவதால் அவர்தம் இடர் குறையவும் வழியில்லை.

இவ்விடத்தில் தமிழுக்கு வெளியே தேட வேண்டுவதில்லை. காவிரி, கொள்ளிடப் பகுதிகளில் ஆற்றுக்கும் அதன் கரைக்கும் இடைப்பட்ட விளைநிலத்தைப் 'படுகை' என்பர். நாதல்படுகை, முதலைமேடுதிட்டு ஆகிய ஊர்ப்பெயர்கள் அவ்வூர்களின் இருப்பிடத்தைத் தாமே கூறுகின்றன. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகியபோது அவ்வூர்களுக்குள் நீர் புகுந்தது. கோசிக் கரைகளுக்கு இடைப்பட்ட நிலத்திற்குப் 'படுகை' என்பதினும் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் நம் பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் ஓர் ஆறு நீர் பெறும் நிலப்பரப்பு முழுவதற்கும் 'படுகை' என்பதை ஆண்டுவிட்டன. பொதுச்சொல்லாக விரிந்த பின்னர் பழைய நுண்பொருள் மங்கிவிட்டது. பரப்பு முழுவதையும் 'வடிநிலம்' என்று வழங்கி, 'படுகை'யை உழவரிடமே திருப்பித் தருதல் வேண்டும். அவ்வாறு இயலாவிடின் 'கரைகளுக்கு இடைப்பட்ட படுகை' என்று விரித்தெழுதுவதில் இழுக்கில்லை.

பெருக்கும் பேரழிவும்

கோசி பற்றி நெடுநாள் ஆராய்ந்த பொறியாளர் தினேஷ் குமார் மிஸ்ரா, அப்பகுதியினர் வெள்ளத்தைப் 'பாட்', 'போஹ்', 'ஹும்மா', 'சாஹ்', 'பிரளய்' எனப் படிப்படியாக வகுத்து வழங்கியதைப் பதிவு செய்துள்ளார். அளவுகோல் நடுவில் அன்று; நீர் வீட்டையும் கால்நடையையும் எட்டிய உயரமே அளவு. இவற்றுள் முதற்படியான 'பாட்', பெருகுதல் என்னும் வினையொடு தொடர்புடையது. நம் 'பெருக்கு' என்பதும் அத்தகையதே. ஆடிப்பெருக்கை விழாவாகக் கொள்ளும் மொழியினர்க்கு, வயலில் வண்டல் பரப்பிச் செல்லும் முதற்படி வெள்ளம் வரவேற்கப்பட்டது என்பதை விளக்கவே வேண்டியதில்லை. ஆயினும் ஐந்து சொற்களுக்கும் 'வெள்ளம்' என்ற ஒன்றையே இட்டு நிரப்பும் பெயர்ப்பில், உழவர் வேண்டிய நீரும் அஞ்சிய நீரும் ஒன்றாகிவிடும்.

நடுவண் நீர் ஆணையத்தின் அளவீடு வேறுவகையானது. ஓர் அளவுநிலையத்தில் 'எச்சரிக்கை அளவு', 'அபாய அளவு' என இரண்டு உயரங்கள் குறிக்கப்படும். ககரியா மாவட்டத்துப் பல்தாரா நிலையத்தில் அபாய அளவு 33.85 மீட்டர். இது அந்நிலையத்து நீர்மட்டத்தைச் சுட்டும் எண்ணேயன்றி, எல்லார்க்கும் அபாயம் தொடங்கும் இடமன்று. படுகையில் குடியிருப்போர்க்கு அதற்கு முன்னரே வீட்டுக்குள் நீர் வந்துவிடக்கூடும். 'ஆறு அபாய அளவுக்குக் கீழே உள்ளது' என்னும் தொடரை 'அபாயம் இல்லை' என்று சுருக்கியெழுதுவோர் இதனை நினைவிற் கொள்க.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் தொடர் இன்னும் இடர் மிக்கது. தமிழில் அது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றே பொருள்படும். ஒருமுறை வந்துவிட்டால் தொண்ணூற்றொன்பது ஆண்டு அச்சமில்லை என்னும் மயக்கம் அதிலிருந்து பிறக்கிறது. அதன் பொருள், எந்த ஓராண்டிலும் அவ்வளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. அக்கணக்கில் 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. வேளாண் நிலங்களைக் காக்கும் கரைகளுக்கு நம் நாட்டில் கொள்ளப்படும் நெறி இருபத்தைந்தாண்டு வெள்ளம். அதாவது ஆண்டுக்கு 4 விழுக்காட்டு வாய்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகளில் அது ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு 64 விழுக்காடு ஆகிறது. எனவே 'ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்' என நீட்டி எழுதுதலே பொருந்தும். தொடர் நீளும், நீளட்டும்.

2024 செப்டம்பர் இறுதியில் கோசிக் கதவணையிலிருந்து 6.61 இலட்சம் கன அடி நீர் வெளியேறிற்று. 1968க்குப் பின் அதுவே மிகுதி. வடிவமைத்த அளவுக்கோ குறைவு. எனினும் தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது. அச்செய்தியைத் தமிழில் தருவோர் 'அணை' என்றோ 'உடைப்பெடுத்தது' என்றோ எழுதாமல், 'கோசியின் மேற்குக் கரை, தாங்க வேண்டிய அளவினும் குறைந்த நீரில் உடைந்தது' என்று எழுதலாம்.