‘தொகு’ பொத்தானுக்கு ஒரு கொல்லைவாசல்

விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றைத் திருத்த உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தட்டி முடித்து, சேமிக்கப் போகிற நேரத்தில் கரண்ட் போனது. உலாவியின் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் போயே போச்சு. அதே வாக்கியங்களை மறுபடி வரவழைக்க முடியாது என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். புலம்பித் தீர்த்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “அந்தப் பெட்டிக்குள்ளதான் எழுதணும்னு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லைதான். விக்கிப் பக்கம் என்பது அடியில் வெறும் உரை. தடித்த எழுத்து வேண்டுமென்றால் சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி. இணைப்பு என்றால் இரட்டைச் சதுர அடைப்பு. தலைப்பு என்றால் சமக்குறிகள். அவ்வளவுதான். பக்கத்தின் முகவரியோடு ‘ஆக்‌ஷன் ரா’ என்ற கோரிக்கையைச் சேர்த்து, ‘கர்ல்’ போன்ற ஒரு சின்ன நிரலைக் கட்டளை வரியில் ஏவினால், படமும் நிறமும் இல்லாமல் அந்த உரை மட்டும் உங்கள் கணினியில் ஒரு கோப்பாக வந்து விழும். பிறகு விம், ஈமேக்ஸ், நேனோ என்று கைக்குப் பழகிய எந்த எடிட்டரிலும் திறந்துகொள்ளலாம். திருத்தி முடித்ததும், நிரல்கள் விக்கியோடு பேசுவதற்கென்றே இருக்கும் ‘ஏபிஐ’ வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன் உள்நுழைந்து, விக்கி தரும் டோக்கன் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலையை யாரோ எழுதிவைத்த நிரல்கள் பார்த்துக்கொள்ளும். பைவிக்கிபாட் அப்படி ஒன்று. நிரலாளர்கள் பதிப்புகளைப் பேணப் பயன்படுத்தும் ‘கிட்’ களஞ்சியம்போல விக்கியையே இறக்கி ஏற்றுவதற்கான கருவியும் இருக்கிறது.

சதுர அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியைத் தொடங்கியபோது இந்த அடைப்பு கிடையாது. (ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்திலிருந்து அவர் எடுத்த பெயர் அது, ஹவாய் மொழியில் ‘வெகு விரைவு’.) இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் அது தானாக இணைப்பாகிவிடும். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? 2001இல் விக்கிப்பீடியா பிறந்த பிறகு சதுர அடைப்பு வந்தது. அது வந்திராவிட்டால் தமிழ்க் கட்டுரைகளில் இணைப்புப் போடவே வேறு உபாயம் தேட வேண்டியிருந்திருக்கும்.

எடிட்டரில் என்ன லாபம்? ஒரு நீண்ட கட்டுரை முழுக்கக் ‘கட்டிடம்’ என்று இருக்கிறது; நீங்கள் ‘கட்டடம்’ கட்சி. விம்மில் காலன், சதவிகிதக் குறி, எஸ், சாய்கோடு, பழைய சொல், சாய்கோடு, புதிய சொல், சாய்கோடு, ஜி. கண்ணிமைப்பதற்குள் நாற்பது இடத்திலும் மாறிவிடும். கடைசி ‘ஜி’யை விட்டால் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் மட்டும்தான் மாறும். விக்கி உரையில் ஒரு பத்தி முழுவதும் பெரும்பாலும் ஒரே வரி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் கோப்பை இறக்கி நிதானமாகத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ ஒருவர் அதே பக்கத்தைத் திருத்திச் சேமித்துவிடுகிறார். உங்கள் கோப்பு போய்ச் சேர்ந்தால் அவர் உழைப்பு அழிந்துவிடாதா?

அழியாது. ஏன் என்று பார்க்கக் கல்யாண அழைப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அப்பா எழுதிய பட்டியலை அக்கா ஒரு நகல், தம்பி ஒரு நகல் எடுத்துப் போய்த் திருத்திக் கொண்டுவருகிறார்கள். அக்காவின் பட்டியலில் ‘திருச்சி மாமா’ இருக்கிறார். தம்பியின் பட்டியலில் இல்லை. அக்கா சேர்த்தாரா, தம்பி அடித்தாரா? இந்த இரண்டு தாளை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அப்பாவின் மூலப் பட்டியல் வேண்டும். அதில் மாமா இருந்தால் அடித்தது தம்பி. இல்லாவிட்டால் சேர்த்தது அக்கா. மூன்றாவது தாள் கைக்கு வந்ததும், யாரையும் கேட்காமலே இருவர் செய்ததையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

விக்கி செய்வது இதைத்தான். ஒவ்வொரு பதிப்பையும் அது எண்ணிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது. எந்தப் பதிப்பின்மேல் திருத்தினீர்கள் என்பதையும் உங்கள் நிரல் சேர்த்து அனுப்ப வேண்டும். இடையில் வேறு பதிப்பு வந்திருந்தால், மூலம், உங்களுடையது, அவருடையது என்று மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றாக்கப் பார்க்கும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இதற்குக் கூப்பிடுவது ‘டிஃப்3’ என்ற நிரலை. அந்தப் பெயரில் ஒரு நிரல் 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. உலாவியில் பொத்தானை அழுத்துகிறவருக்காகவும் திரைக்குப் பின்னால் ஓடுவது ஒரு கட்டளை வரி நிரல்தான்!

அது ஒப்பிடுவது வரி வரியாக. பத்திதான் வரி என்றேனே: வேறு வேறு பத்திகளில் இருவர் கைவைத்தால் சுமுகமாக இணையும், ஒரே பத்தியில் ஆளுக்கொரு சொல்லை மாற்றினாலும் நிரல் கையை விரித்துவிடும், ‘தொகுத்தல் முரண்பாடு’ என்று உங்களிடமே திருப்பி அனுப்பும். எடிட்டர் தானாக வரியை உடைக்கும் வசதியை முதலில் அணைத்துவைக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு எழுத்தைக்கூட மாற்றாத பத்தியும், வரி உடைந்துவிட்டால், முழுக்க மாறியதாகக் கணக்காகிவிடும்.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நம்பிக் கட்டப்பட்டவை டெர்மினல்கள், அதாவது கட்டளை வரிச் சாளரங்கள். ‘கெ’யின் கொம்பு சிலவற்றில் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கர்சர் ஓரிடம், திருத்தம் வேறிடம். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ யூனிகோடில் இரண்டு குறிகளாகவும் இருக்கலாம், மூன்று குறிகளாகவும் இருக்கலாம். மீடியாவிக்கி இரண்டு குறி வடிவில்தான் சேமிக்கும். உங்கள் விசைப்பலகை மூன்றாகத் தட்டினால், கண்முன்னே இருக்கும் சொல்லை விம் ‘இல்லை’ என்று சாதிக்கும். நான் டெர்மினலை விட்டுவிட்டு, தனிச் சாளரத்தில் திறக்கும் எடிட்டருக்கு மாறிவிட்டேன், கோப்பு கோப்புதானே.

முயன்று பார்க்க விரும்பினால், நல்ல கட்டுரை எதிலும் முதலில் கைவைக்காதீர்கள். பழகுவதற்கென்றே தமிழ் விக்கிப்பீடியாவில் ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது.