சிம்ப்யூட்டர்: முந்திப் பிறந்த பிள்ளை

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூ விற்பவர்கள் இப்போதெல்லாம் செல்போனை எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. எவ்வளவு பணம் வந்தது என்பதைக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பெட்டி கன்னடத்தில் உரக்கச் சொல்லிவிடுகிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் வியாபாரம் தடைபடாது.

எழுத்தறியாதவரிடம் அவர் மொழியிலேயே பேசும் இயந்திரம் என்ற இந்த யோசனை பெங்களூருக்குப் புதிதல்ல. மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கால் நூற்றாண்டுக்கு முன்பே அது உருவம் பெற்றது. பெயர், சிம்ப்யூட்டர்.

விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நான்கு பேராசிரியர்களும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவருடைய சகாக்களும் சேர்ந்து 1999-ல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். லாபம் நோக்கமல்ல. 2001 ஏப்ரலில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை வெளியுலகுக்குக் காட்டினார்கள். உள்ளே லினக்ஸ், விசைப்பலகை கிடையாது, திரையைத் தொட்டால் போதும். திரையில் வரும் எழுத்துக்களைப் படித்துச் சொல்ல 'த்வனி' என்ற மென்பொருள். குறிவைத்த விலை ரூ. 9,000. அன்றைய பிசி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

விவசாயக் கூலிக்கு அதுவும் எட்டாத தொகைதானே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கருவி ஊருக்குப் பொது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் அவரவர் கணக்கு வழக்கு திரையில் வரும். முடிந்ததும் உருவிக்கொண்டு கருவியை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். தெருக்குழாய் மாதிரி.

அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழில், அந்த ஆண்டின் முக்கியமான கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பு ஆப்பிளுடையதோ மைக்ரோசாஃப்டுடையதோ அல்ல, இதுதான் என்று எழுதினார். வரைபடங்களையும் அறக்கட்டளை பூட்டி வைக்கவில்லை. உரிமம் பெற்று யாரும் தயாரிக்கலாம். செய்த மாற்றங்களைப் பின்னர் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

புகழ் வந்த வேகத்தில் சரக்கு வரவில்லை. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபீட்டா நிறுவனத்துக்காக பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த 'அமிடா' கடைக்கு வந்தது 2004-ல். கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும்! ஐபோன் பிறக்க அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. 2003-லேயே ரிலையன்ஸ் ரூ. 501 முன்பணத்தில் செல்போன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. குறைந்த எண்ணிக்கையில் செய்தால் உதிரிபாகங்கள் விலை இறங்காது. விலை இறங்காமல் எண்ணிக்கை ஏறாது. அரசாங்கம் மொத்தமாக வாங்கியிருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்கலாம். 2005 வரை விற்றவை சுமார் 4,000, எதிர்பார்த்ததோ 50,000. கிராமத்துக்கென்று பிறந்த வடிவத்தை என்கோர் ராணுவத்துக்கேற்ற கைக்கருவியாக மாற்றியது தனிக் கதை.

விலையை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கருவி பேசத் தயாராக இருந்தது. சந்தை நிலவரத்தையும் நிலப் பதிவையும் அதற்குத் தினமும் ஊட்ட ஊருக்குள் ஆள் வேண்டுமே? செல்போனில் அந்தப் பிரச்னை இல்லை. மறுமுனையில் மனிதரே பேசினார்.

த்வனி மட்டும் தங்கியது. மூல நிரல் திறந்தே கிடந்ததால் பின்னாளில் சந்தோஷ் தோட்டிங்கல் என்ற கேரள புரோகிராமர் அதைக் கையில் எடுத்தார். முதலில் கன்னடம் பேசிய த்வனி மலையாளம், ஒரியா, வங்காளம் என்று கற்றுக்கொண்டது. தமிழும் அதில் உண்டு.