பி.எட். படிக்கிறீங்களா? உங்கள் போனிலும் ஒரு பயிற்சிக் கூடம் இருக்கு

பி.எட். சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் வாட்ஸ்அப்புக்கு இரண்டு வகைச் செய்திகள் வரத் தொடங்கியிருக்கும். ஒன்று, யாரோ எப்போதோ எழுதிய பாடக்குறிப்பு பிடிஎஃப். இன்னொன்று, 'ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சி, முடிச்சவுடனே சான்றிதழ்' என்கிற லிங்க். முதலாவதைப் பார்த்து நோட்டில் எழுதிவிடலாம், இரண்டாவதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய், நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கும்போது இந்த இரண்டும் எவ்வளவு கைகொடுக்கும்?

இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளியோடு சேர்ந்த பயிற்சிக்காக ஒதுக்கப்பட்டவை. தகவல் தொழில்நுட்பத்தைக் கற்பித்தலில் பயன்படுத்துவது பற்றித் தனித் தாளே இருக்கிறது. அதை மார்க்குக்காக மட்டும் படித்துவிட்டு விடாமல், அந்த 20 வாரத்தில் ஒன்றிரண்டையாவது கையோடு செய்து பார்க்க வேண்டும். புது லேப்டாப் எதுவும் தேவையில்லை. இப்போது இதைப் படிக்கிற போனே போதும்.

பாடப்புத்தகத்திலேயே இருக்கு

நம் மாநிலத்தில் 2018-19 கல்வியாண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? 'தீக்ஷா' செயலியை இறக்கி, அந்தக் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி வினா போன்றவை வரும். அச்சு மங்கியிருந்தாலும் கவலை இல்லை. கோடுக்குக் கீழே உள்ள ஆறு எழுத்து-எண்களை டைப் செய்தாலும் அதே இடத்துக்குப் போகலாம். முக்கியமாக, இவற்றில் பலவற்றை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் போகிற பள்ளியில் சிக்னல் கிடைக்குமா என்பது அங்கே போனால்தானே தெரியும்!

கணக்கு எடுப்பவர்கள் பாடத்தின் கடைசியில் வரும் 'இணையச் செயல்பாடு' பெட்டியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது 'ஜியோஜீப்ரா' என்ற இலவச மென்பொருளுக்குக் கூட்டிப்போகும். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால் சுற்றுவட்ட மையமும் கூடவே நகரும். விரிகோணமாக்கினால் அது முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். கரும்பலகையில் இதைக் காட்ட நாலு படம் வரைய வேண்டும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கு, 2023இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கொண்டுவந்த 'மணற்கேணி' செயலியும் இருக்கிறது. உங்களுக்கே ஒரு பாடம் மறந்துபோயிருந்தால், யாருக்கும் தெரியாமல் திரும்பப் படித்துக்கொள்ள நல்ல இடம்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஓம் விதி. மின்னழுத்த வேறுபாடு கூடினால் மின்னோட்டம் கூடும், மின்தடை கூடினால் குறையும். பிள்ளைகள் இதை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் 'கம்பிக்குள்ள என்ன சார் ஓடுது?' என்று ஒரு பையன் கேட்டால்?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபெட்' மாதிரிச் செயல்பாடுகளில் மின்சுற்று ஒன்று இருக்கிறது. பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் விரலால் இழுத்து இணைக்கலாம். இணைப்பு முழுமையானதும் எலக்ட்ரான்கள் சின்னச் சின்ன நீலப் பொட்டுகளாகக் கம்பிக்குள் ஓடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் பொட்டுகள் வேகமெடுக்கும், பல்பு பிரகாசமாகும். பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். குறுக்குச் சுற்று ஏன் ஆபத்து என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இந்தச் செயல்பாடுகளையும் ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓட்டலாம்.

இதை எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எடுத்தவுடன் போட்டுக் காட்டினால் சினிமா பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 'இன்னொரு பல்பைத் தொடரா சேர்த்தா, முதல் பல்பு என்ன ஆகும்? நோட்டில் எழுதுங்க' என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் 'ஒண்ணும் ஆகாது' என்று எழுதுவார்கள். அதற்கப்புறம் இணைத்துக் காட்டுங்கள். தாங்கள் நினைத்தது தப்பு என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் அந்த நொடிக்காகத்தான் இந்தப் பாடே. பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகமோ ஸ்மார்ட் வகுப்பறையோ இருந்தால் தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே அனுமதி கேட்டு வையுங்கள். இல்லையென்றால் எட்டு எட்டுப் பேராகக் கூப்பிட்டு போனில் காட்டலாம், மற்றவர்களுக்கு அதுவரை கணக்கு கொடுக்கலாம். ஒரே போனைத் தூக்கிப் பிடித்து நாற்பது பேருக்கும் காட்ட முயன்றால் கடைசி பெஞ்சுக்கு உங்கள் கைதான் தெரியும்.

'ஸ்வயம்' என்றால் என்ன?

2017இல் தொடங்கிய மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம் 'ஸ்வயம்'. ஆசிரியர் கல்வி, கல்வி உளவியல், மதிப்பீடு போன்ற பல தலைப்புகளில் படிப்புகள் வருகின்றன. பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்று ஆரம்பிக்கும். சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். உதாரணமாக என்பிடெல் நடத்தும் படிப்புகளில் வாராந்திர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படும். நிறையப் படிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதும் உண்மை. சப்டைட்டிலைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஐந்தில் சேர்ந்து ஐந்தையும் பாதியில் விடுவதைவிட, பயிற்சி வாரங்களுக்கு ஒத்துவருகிற ஒன்றை மட்டும் முடிக்கலாம்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. இந்தச் சான்றிதழ்கள் எதுவும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு ஈடாகாது. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பயிற்சி ஆசிரியருக்கு ரொம்ப உதவுகிற செயலி

அது எந்தத் தளத்திலும் இல்லை. உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுதான்.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். ஐந்தாறு நிமிடப் பாடம், சக மாணவர்களே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த முறை உருவானபோது வீடியோ பதிவு அதில் முக்கியமான பகுதி. பாடம் எடுத்தவர் தன்னையே திரையில் பார்த்து, திருத்திக்கொண்டு, மறுபடி எடுப்பார். அன்றைக்கு அதற்குப் பெரிய கேமராவும் ஆட்களும் தேவைப்பட்டன. இன்றைக்கு அது சட்டைப்பையில் இருக்கிறது, ஆனால் அதை நாம் ரீல்ஸுக்குத்தான் எடுக்கிறோம்.

உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு பாடவேளையைப் பதிவு செய்து மேசையில் வையுங்கள். வீட்டுக்கு வந்து கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளை வைத்து இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பதும் மௌனமும் குறைந்தன. மூன்று விநாடி என்பது நிற்கிறவருக்கு மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். பரவாயில்லை, மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மறுபடி பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

ஏஐ செயலியிடம் பாடக்குறிப்பு கேட்பவர்கள் நிறைய. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அது தரும் கலைச்சொல்லும் பாடநூலில் உள்ள சொல்லும் ஒன்றுதானா என்று வரிக்கு வரி பார்த்துவிடுங்கள். பரீட்சைத் தாளில் வரப்போவது பாடநூல் சொல்தான்.

போட்டோ எடுக்கும் முன்

பயிற்சியின் முதல் நாளே வகுப்புப் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளைகளின் பெயர், மார்க், போன் நம்பர் எல்லாம் போட்டுப் புதுப்புதுச் செயலிகளில் கணக்குத் தொடங்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒப்படைப்புக்குப் படம் வேண்டும் என்றால் கரும்பலகையையோ பிள்ளைகள் செய்த மாதிரியையோ எடுங்கள், முகங்களை விட்டுவிடுங்கள்.

'அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், இன்றே பணம் கட்டுங்கள்' என்று லிங்க் வந்தால் முகவரியைப் பாருங்கள். தீக்ஷா, ஸ்வயம் இரண்டின் முகவரியும் 'கவ் டாட் இன்' என்றுதான் முடியும். சான்றிதழ் தருகிறோம் என்று ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.