நிலாவெளிக் கிணற்றில் உவர் ஏறுவது ஏன்?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, நிலாவெளி மணற்கரையில், சமுத்திரத்தின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் தோண்டிய கிணற்றிலும் நன்னீர் ஊறுவதற்குக் காரணம், மாரியில் மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதேயாகும்.

கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் கண்ட கணக்கு. ஆதலால் பம்பு வைத்து மேலே ஓரடி குறைத்தவன், காலக்கிரமத்தில் அடியிலே நாற்பதடி உப்புக்கு இடம் கொடுத்தவனாகிறான். வாளியால் மொண்டவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இருக்கவில்லை! சவர்க்காரம் நுரைக்க மறுக்கும்போதுதான் விஷயம் வீட்டுக்குத் தெரியவரும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் கிணற்று வாய்வழியே புகுந்தபின், சுத்திகரிக்கும் நல்லெண்ணத்தோடு ஓயாமல் இறைத்ததே கிழக்குக் கரையின் பல கிணறுகளில் அடியுப்பை மேலே இழுத்து உவர்ப்பை நீடிக்கச் செய்தது. அதைப் படிப்படியாகத் தணித்தது அடுத்தடுத்து வந்த வடகீழ்ப் பருவமழை.