மயிர் உதிர்வதேன்?

தலைமயிரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை எண்ணப் புகின் முடிவு காண்டல் அரிது. ஓதி, கூந்தல், கதுப்பு, அளகம், குழல், ஐம்பால் என மகளிர்க்குரியன பல, ஆடவர்க்குக் குஞ்சி. அது நீங்கிய இடத்திற்கோ வழுக்கை என்னும் ஒரு சொல்லே பெரிதும் வழங்குகின்றது. உள்ளதைப் பாடிய புலவர் இழந்ததைப் பாட அத்துணை ஆர்வம் காட்டினாரல்லர் போலும். மாணவர் விடுதியிலோ இந்நிலை தலைகீழ். சீப்பில் நான்கு மயிர் கண்ட மாத்திரத்தே உறக்கமிழந்து, தந்தையார் அனுப்பிய பணத்தை எண்ணெய்ப் புட்டிகளுக்கு ஈந்துவிடும் நண்பர் எத்துணையர்! ஆதலின் மயிர் உதிரும் காரணங்களை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள எங்கள் புதுமடத்தில், மயிர் கொட்டினால் முதற்கண் பழி ஏற்பது தண்ணீரே. கிணற்று நீர் உவர்ப்புடையது. சவுக்காரம் நுரையாது திரைந்துபோகும். அந்நீரிலுள்ள சுண்ணச் சத்தும் மக்னீசியமும் மயிரின்மேற் படிந்து அதனைச் சொரசொரப்பாக்குதல் மெய்யே. சிக்குண்ட மயிர் சீப்பில் ஒடிதலும் மெய்யே. ஆயினும் தோலுக்கு வெளியே நாம் காண்பது உயிரற்ற இழை. உயிருள்ள வேர் தோலினுள் ஆழ்ந்து கிடக்கின்றது. ஒடிதல் வேறு, உதிர்தல் வேறு. விழுந்த மயிரின் நுனியை உற்று நோக்குக. வெண்ணிறக் குமிழ் ஒன்று காணப்படின் அது வேரோடு உதிர்ந்தது. இன்றேல் இடையில் ஒடிந்தது. இவ்வெளிய சோதனையைச் செய்யாமலே கிணற்றைப் பழித்தல் முறையன்று.

வேரோடு உதிர்வதெல்லாம் நோயுமன்று. மனிதன் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, திங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். பின்னர்ச் சில வாரங்களில் வேர் சுருங்கும். அதன்பின் மூன்று திங்கள் போல் வாளா இருந்து உதிரும். அவ்விடத்தே புதியது முளைக்கும். இங்ஙனம் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்தல் இயல்பு.

கடுங்காய்ச்சலோ, மகப்பேறோ, பட்டினியோ, பெருந்துயரோ நேருங்கால், வளரும் பருவத்து மயிர்களுட் பல ஒருங்கே வளர்ச்சியை நிறுத்தி ஓய்வு பெறுகின்றன. அவை உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று திங்கள் கழித்தே கொத்துக் கொத்தாய் விழும். அதற்குள் காய்ச்சலை மறந்துவிடுகின்றோம். சென்ற வாரம் மாற்றிய எண்ணெயின்மேற் பழி சுமத்துகின்றோம். கோவிட் நோயினின்று எழுந்தார் பலர்க்கும் நேர்ந்தது இதுவே. பெரும்பாலும் சில திங்களில் இது தானே நீங்கும்; அப்போது எந்த எண்ணெய் கையிலிருக்கின்றதோ அஃது அற்புத மருந்தெனப் பெயர் பெறும்! இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் மயிரை உதிர்ப்பன. அவற்றிற்கு இரத்தச் சோதனையே வழி.

ஆடவர் நெற்றியோரத்தும் உச்சியிலும் தோன்றும் வழுக்கை வேறொரு வகை. பருவம் எய்துமுன் விதை நீக்கப்பெற்றவர்க்கு அது வருவதில்லை என்பதைப் பண்டைக் கிரேக்கரே அறிந்திருந்தனர். ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1942-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். அத்தகையோர்க்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டாஸ்டிரோனைக் கொடுத்தபோது, குடிவழியில் வழுக்கை உடையார்க்கே மயிர் உதிர்ந்தது, ஏனையோர்க்கு உதிர்ந்திலது. எனவே சுரப்பும் வேண்டும், குடிவழியும் வேண்டும். அச்சுரப்பு உடலில் டைஹைட்ரோடெஸ்டாஸ்டிரோன் என மாறி வேரைச் சிறுகச் சிறுக மெலிவிக்கின்றது. தாய்மாமன் வழுக்கையனாயின் மருமகனும் அங்ஙனமே ஆவான் என்னும் நம் ஊர்ப் பேச்சில் ஒரு பாதி உண்மையுண்டு; அச்சுரப்பை ஏற்கும் மரபணு தாய்வழியே மகனுக்கு வருகின்றது. எனினும் வேறு பல மரபணுக்களும் உளவாதலின் தந்தையாரின் தலையையும் நோக்குதல் நன்று. வழுக்கைக்கு மெய்யாகப் பயன்படும் மினாக்சிடில் என்னும் மருந்து, முதலில் இரத்தக் கொதிப்பிற்கென ஆக்கப்பட்டது. உண்டவர் மேனியில் மயிர் வளரக் கண்டே அதனைத் தலைக்குத் திருப்பினர்.

நாணய வட்டமாக மயிர் நீங்குதலைப் புழுவெட்டு என்கிறோம். பெயர் அழகியது, புழுத்தான் இல்லை. நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போர் புரியவேண்டிய உடற்காவற்படை தன் மயிர்வேரையே பகையென மயங்கித் தாக்குவதால் விளைவது அது. சின்ன வெங்காயம் தேய்க்கும் நம் பாட்டிமாரின் முறையைப் போன்ற ஒன்றைப் பாக்தாத் நகர மருத்துவர் சோதித்து 2002-இல் வெளியிட்டனர். வெங்காயச் சாறு பூசியோர் 23 பேருள் 20 பேர்க்கு மயிர் முளைத்தது. எனினும் ஆய்வு மிகச் சிறிது. இந்நோய் பலர்க்குத் தானே தணிவதுமாம். ஆதலின் பாட்டிமார் பொறுத்தருள்க.

இனி, மயிரிழப்பு எத்துணைக் கொடிதாகலாம் என்பதற்கு மராட்டிய நாட்டுப் புல்தானா மாவட்டம் சான்று. 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜனவரியிலும் ஷேகான் வட்டத்துச் சிற்றூர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவரும் முதியோரும், சில நாட்களிலேயே மொட்டைத் தலையராயினர். கல்லூரி மாணவியர் வெளிவர அஞ்சினர். உறுதியான திருமணங்கள் சில தடைப்பட்டன. அங்கும் முதலில் ஐயுறப்பட்டது தண்ணீரே! தேள்கடி மருத்துவத்தாற் புகழ்பெற்ற ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அவ்வூர்களுக்குச் சென்று நோயாளர் இரத்தத்தையும் அவர் உண்ட கோதுமையையும் சோதிப்பித்தார். இரத்தத்தில் செலினியம் என்னும் தனிமம் மிக்கும் துத்தநாகம் குறைந்தும் இருந்தன. நியாயவிலைக் கடை வழியே வந்த வடநாட்டுக் கோதுமையே காரணம் என்பது அவர் முடிபு. பஞ்சாபில் ஹோஷியார்ப்பூர்ப் பகுதி நிலத்தில் அத்தனிமம் மிகுதி என்பது முன்னரே அறிந்த செய்தி. சிறிதளவு செலினியம் உடற்கு இன்றியமையாதது. மிகுந்தாலோ மயிரையும் நகத்தையும் ஒருங்கே தாக்கும். சீன நாட்டு என்ஷி வட்டாரத்தில் 1960-களின் தொடக்கத்தில் கண்ட அடையாளங்களும் அவையே. அக்கோதுமையை விட்டோர் சிலர்க்குச் சில வாரங்களில் மயிர் மீண்டும் அரும்பியது என்றார் பாவஸ்கர். ஆனால் 2025 ஏப்ரலில் அவ்வூரார் பலரின் விரல்களில் நகங்கள் உருக்குலைந்து கழலத் தொடங்கின.